தூசியும் புகையும்

கோலார் தங்கவயல் என்று சொன்னவுடன் பிறர்க்கெல்லாம் பொன் நினைவுக்கு வரும். அவ்வூரில் பிறந்து வளர்ந்த தமிழராகிய நமக்கோ பொன்னுக்கு முன் தூசிதான் நினைவுக்கு வரும். 1880-ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைக் கைக்கொண்ட காலந்தொட்டு, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், மாரிகுப்பம் ஆகிய இடங்களில் எழுந்த லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிப் பாறையைத் துளைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலைக்கு அழைக்கும் சங்கொலி அன்றோடு ஓய்ந்தது. ஆனால் உழைத்தவர் மார்பில் படிந்த தூசி அன்றோடு ஓயவில்லை.

பொன்னைத் தாங்கி நிற்கும் பாறை பெரும்பாலும் வெண்கல் எனப்படும் படிகக்கல். அதைத் துளைக்கும்போதும் வெடிவைத்துத் தகர்க்கும்போதும் எழும் நுண்துகள் சிலிக்கா என்னும் பொருளாலானது. கண்ணுக்குப் புலப்படாத அத்துகள் மூச்சுக்குழல் வழியே நுரையீரலின் கடைசி அறைவரை சென்று தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் தழும்பு உண்டாகிறது. மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், தழும்பேறிய தோல்போல் விறைத்துப் போகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். நம் நாட்டில் இந்நோய் கோலார்ப் பொற்சுரங்கங்களிலிருந்து 1947-ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது என்று மருத்துவப் பாடநூல்கள் குறிக்கின்றன. இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. படிந்த துகளை எவராலும் வெளியே எடுக்க இயலாது.

இத்தகைய மார்பினுள்தான் பீடிப் புகையும் சென்றது. சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்தவர் முதலில் தண்ணீரைத் தேடினார். அடுத்துப் பீடியைத் தேடினார். களைப்புக்கும் துணை, கவலைக்கும் துணை, நண்பர் பேச்சுக்கும் துணை என்று பீடி நின்றது. அதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் தூசியும் புகையும் தனித்தனியே செய்யும் தீங்கைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் கணக்கு முடிவதில்லை. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கத் தொழிலாளரைப் பற்றி 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, சிலிக்காத் தூசியும் புகையிலைப் புகையும் சேர்ந்தவிடத்து மூச்சடைப்பு நோயால் நேரும் மரணம், இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருவதினும் மிகுதியாயிற்று என்று காட்டியது. காசநோயும் அவ்வாறே. சிலிக்கோசிஸ் காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. புகைப்பழக்கம் அக்கதவை இன்னும் அகலமாக்குகிறது.

ஆகவே நம்முன் நிற்கும் கேள்வி எளியது. உள்ளே சென்ற தூசி நம் கையில் இல்லை. நாளை உள்ளே செல்லவிருக்கும் புகை நம் கையில் இருக்கிறது. அதை நிறுத்துவதற்கு உள்ள வழிகள் யாவை? அவற்றுள் எவ்வழி யாருக்குப் பொருந்தும்? இதனைத் தங்கவயலை மனத்திற்கொண்டு பேசினாலும், மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் உழைத்து வாழும் தமிழர் அனைவர்க்கும் இது பொருந்தும்.

வழிகளை ஆராய்வதற்கு முன், நம்மைக் கட்டியிருப்பது எது என்று அறிதல் வேண்டும். மூன்று முடிச்சுகள் உள்ளன. முதலாவது உடலின் முடிச்சு. புகையிலையிலுள்ள நிக்கோடின், இழுத்த சில விநாடிகளில் மூளையை எட்டி ஒரு நிறைவைத் தருகிறது. சிறிது நேரத்தில் அது தேய்ந்ததும் மூளை மீண்டும் கேட்கிறது. இரண்டாவது பழக்கத்தின் முடிச்சு. தேநீர் குடித்தவுடன், உணவு உண்டவுடன், பேருந்துக்குக் காத்து நிற்கையில் கை தானே சட்டைப்பையைத் தேடுகிறது. மூன்றாவது கூட்டத்தின் முடிச்சு. நண்பர் ஒருவர் பற்றவைத்து நீட்டும்போது மறுப்பது நட்பையே மறுப்பதுபோல் தோன்றுகிறது. இம்மூன்றில் ஒன்றை மட்டும் அவிழ்த்தவர், மற்ற இரண்டாலும் மீண்டும் கட்டப்படுகிறார். பலர் விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவதன் காரணம் இதுவேயன்றி மனவுறுதிக் குறைவு அன்று.

உடலின் முடிச்சை அவிழ்ப்பதில் பழைமையான வழக்கு ஒன்றுண்டு. ஒரேயடியாக விடுவதா, சிறிது சிறிதாகக் குறைப்பதா என்பதே அது. சிறிது சிறிதாகக் குறைப்பது இயல்பானது, உடல் தாங்கும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். இங்கிலாந்தில் 697 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் குறித்த நாளில் ஒரேயடியாக விட்டனர். மறுபகுதியினர் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, அதன்பின் விட்டனர். இரு சாராருக்கும் மருந்தும் ஆலோசனையும் அளிக்கப்பட்டன. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரேயடியாக விட்டவரில் நூற்றுக்கு 49 பேரும், குறைத்து விட்டவரில் நூற்றுக்கு 39 பேரும் புகையின்றி இருந்தனர். ஆறு மாதத்தில் அவ்வெண்கள் 22 என்றும் 15 என்றும் ஆயின.

ஒரேயடியாக விடுவதே மேல் என்பது இதனால் தெளிவாகிறது. மது மிகுதியாக அருந்துபவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதைப்போன்றதே புகையும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. புகையைத் திடீரென விடுபவருக்கு எரிச்சலும் தூக்கக் கேடும் மிகுந்த பசியும் தலைவலியும் வரக்கூடும். உயிருக்கு ஊறு வராது. ஆயினும் ஒரேயடியாக விட அஞ்சி, விடும் முயற்சியையே ஒத்திப்போடுகிறவருக்குக் குறைக்கும் வழி இல்லாமற் போகவில்லை. அவர் காலையின் முதல் பீடியை நாள்தோறும் அரை மணி தள்ளிவைக்கலாம், பத்தைந்தாகக் குறைக்கலாம். ஆனால் எந்நாளில் முற்றும் விடுவது என்பதை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். நாள் குறியாத குறைப்பு, ஐந்தில் நின்றுவிடும். அந்த ஐந்தையும் அவர் முன்னிலும் ஆழமாக இழுப்பார். நாளொன்றுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் மிகையான இருதய நோய் அபாயத்தில் ஏறத்தாழ பாதி உண்டு என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. குறைத்தல் வழியே தவிர, ஊர் அன்று.

உடலின் முடிச்சுக்கு மருந்துகளும் உண்டு. நிக்கோடின் கலந்த மெல்லும் பசையின் வரலாறு நமக்குச் சுவையானது. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் பணிபுரிந்தவர், உள்ளே புகைக்க இயலாமையால் வாயில் வைக்கும் புகையிலைக்கு மாறுவதைக் கண்ட அறிஞர்கள், புகையின்றி நிக்கோடினை மட்டும் தந்தால் என்ன என்று எண்ணினர். ஓவே ஃபெர்னோ என்பவர் அதைப் பசையாக்கினார். 1978-இல் சுவிட்சர்லாந்து அதனை மருந்தாக ஏற்றது. 1984-இல் அமெரிக்கா ஏற்றது. சூரிய ஒளி புகாத ஆழத்தில் அடைபட்டு உழைத்தவரின் துன்பத்திலிருந்து பிறந்த மருந்து அது என்றால், அதன் பொருள் தங்கவயலாருக்கு எளிதில் விளங்கும். தோலில் ஒட்டும் பட்டையும் இவ்வினத்ததே. இவை நிக்கோடினைச் சிறிதளவு தந்து வேட்கையைத் தணிக்கின்றன. புகையின் கரியும் நச்சு வாயுவும் இவற்றில் இல்லை. நாள் முழுவதும் பட்டையும், வேட்கை மிகும்போது பசையும் எனச் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதினும் சிறந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இப்பசையை வெற்றிலை மெல்லுவதுபோல் ஓயாது மென்று சாற்றை விழுங்கலாகாது. சிறிது மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் தணிந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். இம்முறை அறியாது வயிறு எரிந்து, மருந்து பயனற்றது என்று எறிந்தவர் பலர்.

மருத்துவர் சீட்டின்பேரில் வாங்கும் மாத்திரைகளும் உண்டு. பூப்ரோப்பியான் 1997-இலும், வாரனிகிளின் 2006-இலும் அமெரிக்காவில் புகைவிடு மருந்தாக ஏற்கப்பட்டன. பின்னது மூளையில் நிக்கோடின் அமரும் இடத்தில் தான் அமர்ந்து, வேட்கையையும் தணித்து, பிடித்தால் கிட்டும் இன்பத்தையும் குறைக்கிறது. சிட்டிசின் என்னும் மருந்து ஒருவகை மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. பல்கேரியாவில் 1964 முதலே வழக்கிலிருப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட புகையிலை விடுவிப்பு நெறிமுறையில் இவை யாவும் இடம்பெற்றுள்ளன. வலிப்பு நோய் உடையவர் பூப்ரோப்பியான் உண்ணலாகாது. எனவே இம்மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி உண்ணுதல் தகாது.

இரண்டாவதான பழக்கத்தின் முடிச்சுக்கு மருந்துக் கடையில் மருந்தில்லை. அதற்கு நாமே மருந்து. வேட்கை எழும்போது அது முடிவின்றி வளரும் என்று தோன்றும். உண்மையில் அது சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து தணிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தைக் கடக்கத் தெரிந்தால் போதும். தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகுதல், மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுதல், எழுந்து நடத்தல், ஏலக்காயோ கிராம்போ வாயிலிடுதல் ஆகியன உதவும். தேநீருக்குப் பின் பீடி என்பது வழக்கமானால், சில வாரம் தேநீர் அருந்தும் இடத்தையாவது மாற்றுதல் நலம். விடும் நாளுக்கு முந்திய இரவே வீட்டிலுள்ள பீடிக்கட்டு, தீப்பெட்டி, சாம்பற்கிண்ணம் யாவற்றையும் அகற்றிவிட வேண்டும்.

தங்கவயல் இளைஞர்க்கு இதில் ஒரு வாய்ப்பு தானாகவே அமைந்துள்ளது. சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயிலில் சென்று வேலை செய்து திரும்புகின்றனர். போக ஏறத்தாழ இரண்டு மணி, வர இரண்டு மணி. ரயிலில் புகைத்தல் சட்டப்படி குற்றம். ஆகவே புகைப்பவரும் நாள்தோறும் நான்கு மணி நேரம் புகையின்றி இருக்கிறார். இருக்க முடியாது என்று சொல்பவர், தம்மை அறியாமலே இருந்து காட்டுகிறார். ரயிலிலிருந்து இறங்கியவுடன் பற்றவைப்பதை ஒரு மணி நேரம் ஒத்திப்போடத் தொடங்கினால், அதுவே பயிற்சியாகிவிடும்.

மூன்றாவது கூட்டத்தின் முடிச்சு. இதுவே கடினமானது, இதுவே நமக்குப் பெருந்துணையாகவும் ஆகக்கூடியது. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்னும் ஊரைச் சார்ந்த 12,000-க்கும் மேற்பட்டோரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த பதிவுகளை ஆராய்ந்தபோது, மக்கள் தனித்தனியே புகையை விடுவதைவிடக் கூட்டம் கூட்டமாக விடுவதே வழக்கம் என்று தெரிந்தது. கணவனோ மனைவியோ விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடும், சிறிய தொழிலிடத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 விழுக்காடும் குறைந்தன. இவ்வாராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. புகையைப் பரப்பிய அதே கயிறு, விடுதலையையும் பரப்புகிறது என்பது இதன் பொருள்.

கூடிச் செய்வது தங்கவயலுக்குப் புதிதன்று. 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து, ஆயிரக்கணக்கானோர் ஒருமனப்பட்டு ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். புகையை விட்டவரின் உடல் வேதனையும் முதல் வாரத்தில் மிகுந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. கூலியை இழந்து மூன்று வாரம் தாங்கிய குடியின் வழிவந்தவர்க்கு, கூலியை மிச்சப்படுத்தும் இந்த மூன்று வாரம் தாங்கக் கூடாததாகுமா? ஒரு லைனைச் சேர்ந்த ஐந்து பேர், ஒரு ரயில் பெட்டியில் நாள்தோறும் உடன் செல்லும் ஆறு பேர், ஒரே நாளைக் குறித்து ஒன்றாக விடுதல் கூடும்.

பணத்தையும் இதற்குத் துணையாக்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு வங்கியின் மூலம் நடந்த சோதனை 2010-இல் வெளியாயிற்று. புகையை விட விரும்பியவர் தம் பணத்தையே ஆறு மாதம் கணக்கில் இட்டனர். முடிவில் சிறுநீர்ச் சோதனையில் நிக்கோடின் இல்லையெனில் பணம் திரும்பக் கிடைக்கும். இருந்தால் அது அறச்செயலுக்குப் போய்விடும். அவ்வாறு கணக்குத் தொடங்க வாய்ப்பளிக்கப்பட்டவரிடையே விட்டவர் தொகை மற்றவரினும் உயர்ந்தது. ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றிச் சோதித்தபோதும் அவ்வேற்றுமை நிலைத்தது. சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு இம்முறை விளங்காததன்று. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஐவரும் பணம் கொடுத்து வைத்து, ஆறு மாதம் காத்தவர் பெற்றுக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மருத்துவர் சொல்லும் ஒரு சொல்லின் வலிமையையும் குறைவாக எண்ணலாகாது. 1979-இல் லண்டனில் வெளிவந்த ஆய்வில், 28 மருத்துவர்கள் தம்மிடம் வந்த 2,138 புகைப்பவரை நான்கு வகையாகப் பிரித்து நடத்தினர். ஒன்றும் சொல்லாது விட்டவரில் ஓராண்டு புகையின்றி இருந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, ஒரு துண்டுத்தாள் கொடுத்து, மீண்டும் கேட்பேன் என்று சொல்லி அனுப்பப்பட்டவரில் நூற்றுக்கு ஐவர் விட்டனர். ஐந்து சிறிய எண் என்று தோன்றலாம். இரண்டு நிமிடப் பேச்சுக்கு அது பெரிய பயன். நம் வீட்டார், ஆசிரியர், சங்கத் தலைவர் ஆகியோரும் இகழாமல், சலிக்காமல், மீண்டும் கேட்பேன் என்று சொன்னால் அது வீண்போகாது. இகழ்ந்து சொன்ன சொல் மட்டும் பயன் தராது. அது மனிதனை மறைவாகப் புகைக்கச் செய்யும்.

வழிபோல் தோன்றி வழியாகாதவையும் சில உண்டு. சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறுதல் அவற்றுள் ஒன்று. இலையில் சுற்றியதனால் பீடி இயற்கையானது, தீங்கு குறைந்தது என்பது தவறான எண்ணம். அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், சிறிய பீடியும் பெரிய தீங்கு செய்கிறது. புகையை விட்டு வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுதல் இன்னொன்று. 2016–17-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.7 பேர் புகைத்தனர், 21.4 பேர் புகையற்ற புகையிலையை வாயிலோ மூக்கிலோ பயன்படுத்தினர். வாய்ப்புற்றுக்கு வழி அதுவே. நீர்மூழ்கிக் கப்பலார் கதையில் நாம் கைக்கொள்ள வேண்டியது மருந்தேயன்றி அவர் வாயிலிட்ட புகையிலை அன்று. மின்சாரச் சிகரெட்டின் விற்பனை நம் நாட்டில் 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

விட்டபின் ஒரு நாள் தவறி ஒன்றைப் பிடித்துவிட்டவர் செய்ய வேண்டுவது என்ன? எல்லாம் போயிற்று என்று கட்டு முழுவதையும் வாங்குவதே பெரும்பாலார் வழக்கம். ஆனால் தவறிய ஒன்று, விட்ட முப்பது நாளை அழித்துவிடுவதில்லை. எந்த வேளையில், யாரோடு, எம்மனநிலையில் தவறினோம் என்று பார்த்தால், மூன்று முடிச்சுகளில் எது அவிழாமல் இருந்தது என்பது தெரியும். காலை எழுந்தவுடன் கை நடுங்கி வேட்கை தாங்காது தவறியவருக்கு அடுத்த முறை மருந்து வேண்டும். நண்பர் நடுவே தவறியவருக்கு மருந்தினும் நண்பரின் உடன்பாடு வேண்டும். ஒரு வழி தோற்றது என்பதனால் மனிதன் தோற்றதாகாது. வழியை மாற்றி மீண்டும் தொடங்க வேண்டும். நிலையாக விட்டவரில் பலர் ஒரு முறைக்கு மேல் முயன்றவரே.

இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன பயன் என்று முதியோர் கேட்கின்றனர். இங்கிலாந்தில் மருத்துவர்களையே ஐம்பதாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. 30 வயதில் விட்டவர் தொடர்ந்து புகைத்தவரைவிட ஏறத்தாழ 10 ஆண்டும், 40-இல் விட்டவர் 9 ஆண்டும், 50-இல் விட்டவர் 6 ஆண்டும், 60-இல் விட்டவரும்கூட 3 ஆண்டும் கூடுதலாகப் பெற்றனர். தூசி படிந்த மார்புடைய முதியவருக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. புகையை விடுவதால் தழும்பு ஆறாது. ஆனால் எஞ்சியிருக்கும் மூச்சு புகையால் மேலும் குறையாமல் காக்கப்படும். மேட்டில் ஏறி வீட்டுக்கு வர மூச்சு வாங்குபவருக்கு, எஞ்சிய மூச்சின் அருமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

உதவி கேட்பதற்கு வாயில் திறந்தே இருக்கிறது. 1800-11-2356 என்னும் எண்ணில் நாட்டுப் புகையிலை விடுவிப்புத் தொலைபேசிச் சேவை 2016 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. 2018 முதல் இவ்வெண் சிகரெட்டு, பீடிக் கட்டுகளின்மேலேயே அச்சிடப்பட்டு வருகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இச்சேவையின் மையம் ஒன்று அமைந்துள்ளது. எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், கட்டைத் திறப்பதற்கு முன் அதன்மேல் உள்ள எண்ணைப் படிக்கலாம்.

சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் எக்காற்றை மூச்சாகக் கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை நம் முன்னோர்க்கு இருக்கவில்லை. கம்பெனி எந்த ஆழத்துக்கு அனுப்பியதோ அந்த ஆழத்துக் காற்றையே அவர்கள் இழுத்தனர். இன்று மேலே, வெளிச்சத்தில் நிற்கும் நமக்கு அவ்வுரிமை உண்டு. உடன் உழைப்பவர் இருவரை இன்றே அழைத்து ஒரு நாளைக் குறித்துக்கொள்வது அதைப் பயன்படுத்தத் தொடங்கும் முறையாகும்.